எட்டாவது மெஷின் ஏன் நாறவில்லை? பலத்தைப் பிடித்து மாற்றம் தொடங்க ஒரு வழிகாட்டி

அம்பத்தூர் எஸ்டேட்டில் திங்கட்கிழமை காலை ஒரு லேத் பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் மூக்குக்குத்தான் வேலை. ஞாயிறு முழுக்க ஓடாமல் கிடந்த மெஷினின் கூலன்ட் தொட்டி அழுகிய முட்டை மாதிரி நாறும். கூலன்ட் என்பது இரும்பைச் சீவும்போது சூடு தணிக்க ஊற்றுகிற, தண்ணீரில் ஆயில் கலந்த கலவை. மெஷினிலிருந்து கசிந்து மேலே மிதக்கிற ஆயில் படலம் காற்றை உள்ளே விடாது. காற்றே வேண்டாத பாக்டீரியாவுக்கு அது நல்ல வசதி. ஒன்றரை நாளில் பெருகிவிடும். நான் போன ஒரு யூனிட்டில் கம்ப்யூட்டரில் ஓடுகிற சிஎன்சி லேத் எட்டு இருந்தன. ஏழில் நாற்றம், எட்டாவதில் இல்லை. ஒரே ஆயில், ஒரே லாரித் தண்ணீர், ஏறக்குறைய ஒரே ஜாப்.

அதே யூனிட்டுக்கு அதற்கு முன்பும் ஒருமுறை போயிருந்தேன். இரண்டு நாள் சுற்றி, என்னென்ன சரியில்லை என்று 63 குறைகளை எழுதி, பெரிய தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அதன் மேல் பாதியை ஒரு டூல்ஸ் கடைக் காலண்டர் மறைத்திருந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் மறைத்திருப்பேன். நிற்கிற இடத்துக்கு நேரே 63 திட்டுகளைத் தினமும் யார் படிப்பார்கள்? அந்தப் பட்டியலில் கூலன்ட் நாற்றம் 41-ஆவது. எட்டாவது மெஷின் பட்டியலிலேயே இல்லை. நன்றாக இருப்பதைப் பார்க்க யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானும் பார்க்கவில்லை.

அந்த எட்டாவது மெஷினை உங்கள் இடத்தில் கண்டுபிடித்து, மற்ற ஏழையும் அது மாதிரி ஆக்குவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பத்துப் பேர் முதல் நூறு பேர் வரை வேலை செய்கிற இடத்துக்கு இது பொருந்தும். பட்டறைதான் என்றில்லை, மெஸ், அச்சகம், தையல் யூனிட், சின்ன ஐடி ஆபீஸ் எதுவும் சரி.

எங்கிருந்து வந்தது

மேலாண்மைப் படிப்பில் இதற்கு 'அப்ரிஷியேட்டிவ் இன்கொயரி' என்று பெயர். 1980-ஐ ஒட்டி அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் மருத்துவமனையில் ஆய்வு செய்யப் போன டேவிட் கூப்பர்ரைடர் அப்போது கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழக மாணவர். டாக்டர்களிடம் வெற்றியையும் தோல்வியையும் பற்றிக் கேட்டார். வெற்றிக் கதைகளில்தான் விஷயம் இருப்பதாக அவருக்குப் பட்டது. வழிகாட்டியாக இருந்த சுரேஷ் ஸ்ரீவஸ்தவாவும் அந்தப் பக்கமே போகச் சொன்னார். 1987-இல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில்தான் இந்த முறை முழுதாக வெளியே வந்தது. 2004-இல் ஐக்கிய நாடுகள் சபையின் குளோபல் காம்பேக்ட் மாநாட்டுக்கே இதைப் பயன்படுத்தினார்கள். நம் பக்கம், 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் தென்னிந்தியக் கிராமங்களில் இதைச் செய்து பார்த்தது.

இதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இன்னொரு முறையும் உண்டு. எட்டாவது மெஷினுக்கு அதுதான் நெருக்கம். 1990-இல் வியட்நாமில் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவைச் சரிசெய்யப் போன ஜெரி ஸ்டெர்னின், மோனிக் ஸ்டெர்னின் தம்பதி, வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. அதே ஊரில், அதே ஏழ்மையில், யார் வீட்டுக் குழந்தை மட்டும் நன்றாக இருக்கிறது என்று தேடினார்கள். அந்த அம்மாக்கள் வயலில் கிடைக்கிற குட்டி இறாலையும் நண்டையும், சர்க்கரைவள்ளிக் கீரையையும் சோற்றில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற வீடுகளில் அதைக் குழந்தைகளுக்கு ஆகாது என்று ஒதுக்கியிருந்தார்கள். பதில் ஊருக்குள்ளேயே இருந்திருக்கிறது.

முதல் வேலை: எதைப் பற்றிக் கேட்பது

'சஸ்டெயினபிலிட்டி' என்று தலைப்பு வைக்காதீர்கள். பேப்பரில் நன்றாகத்தான் இருக்கும், ஷிஃப்டில் யாருக்கும் புரியாது. கையால் தொடக்கூடிய ஒரு பொருளை எடுங்கள்: தண்ணீர், கூலன்ட், இபி பில், ஸ்கிராப், மீந்துபோகிற சாப்பாடு. ஒன்றே ஒன்று போதும்.

அடுத்து, அதை எப்படிச் சொல்வது என்பது. 'கூலன்ட் வீணாவதை நிறுத்துவது' என்று சொன்னால் எல்லோரும் யார் வீணாக்கினார் என்று பார்ப்பார்கள். 'போட்ட கூலன்ட் மூன்று மாதம் கெடாமல் ஓடுவது' என்று சொன்னால் யாருடையது ஓடியது என்று பார்ப்பார்கள். வார்த்தை விளையாட்டு மாதிரித் தெரியும். பட்டறையில் கேட்டுப் பாருங்கள், வருகிற பதிலே வேறாக இருக்கும்.

தொடங்கும் முன் கடைசி மூன்று மாதக் கணக்கை எடுத்து வையுங்கள். எத்தனை பேரல் ஆயில் வந்தது, எத்தனை லாரித் தண்ணீர், இபி யூனிட் எவ்வளவு. பில்லில் இருப்பதை ஒரு நோட்டில் எழுதினால் போதும். இது இல்லாமல் ஆரம்பித்தால் ஆறு மாதம் கழித்து "ஏதோ குறைஞ்ச மாதிரிதான் இருக்கு" என்பதோடு முடிந்துவிடும்.

இரண்டாவது: உட்கார்ந்து கேட்பது

முழு வேலையின் உயிரே இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இரண்டிரண்டு பேராக உட்காரவையுங்கள். ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் சொல்ல வேண்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். ஆளுக்கு இருபது நிமிடம். சூப்பர்வைசரையும் அவருக்குக் கீழே இருப்பவரையும் ஜோடி சேர்க்காதீர்கள். கேபினுக்குள் கூப்பிடவும் வேண்டாம். கேபின் என்றாலே திட்டு அல்லது கணக்கு முடிப்பு என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. டீ நேரத்தை ஒட்டி, மெஷின் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்காருங்கள். இந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். இதைச் சொல்லவே வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஒரு இடத்தில் பிடித்துவிட்டார்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்கள், ஹவுஸ்கீப்பிங் அக்கா, கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி எல்லோரும் இதில் உண்டு. 'அவங்களுக்கு என்ன தெரியும்' என்று விடுகிற இடத்தில்தான் பெரும்பாலும் சரக்கு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினும் நின்ற பிறகு எந்த மூலையில் காற்றுக் குழாய் 'ஸ்ஸ்' என்று ஒழுகுகிறது என்பது மெயின்டனன்ஸ் ஆளைவிட செக்யூரிட்டி தாத்தாவுக்கு நன்றாகத் தெரியும். கம்ப்ரசர் தருகிற காற்றில் 20 முதல் 30 சதவீதம் ஒழுகியே வீணாவது பல பட்டறைகளில் சகஜம். அவர் காட்டுகிற இடத்தில் சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் தடவினால் நுரை கிளம்பும்.

கேள்விகள் நான்கு போதும்.

இங்கே வேலை செய்ததில் "இன்னைக்கு எல்லாம் சரியா ஓடுச்சு" என்று தோன்றிய ஒரு நாளைச் சொல்லுங்கள்.
அன்றைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள், கூட யார் இருந்தார், என்ன வசதி இருந்தது?
யாரும் சொல்லாமல் நீங்களாகவே பழக்கத்தில் செய்கிற ஒரு வேலை என்ன?
அது தினமும் நடக்க வேண்டும் என்றால் என்ன வேண்டும்?

முதல் கேள்விக்கு "அப்படி ஒண்ணும் இல்ல சார், எல்லாம் டெய்லி வேலைதான்" என்றுதான் பதில் வரும். பயப்படாமல் காத்திருங்கள். கஷ்ட காலத்தைப் பிடித்துக் கேட்டால் வாய் திறக்கும். "2019-ல தண்ணியே இல்லாம இருந்துச்சே, அப்ப எப்படிச் சமாளிச்சீங்க?" "மிக்ஜாம் புயல்ல தண்ணி உள்ள வந்தப்ப முதல்ல எதைத் தூக்கி மேல வெச்சீங்க?" சென்னைக்காரர்கள் யாரிடமும் இதற்குக் கதை இல்லாமல் இருக்காது.

அப்படிக் கேட்டதில்தான் ஒரு அக்கா சொன்னார். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வற்றிக் கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்த சமயம் அது. அப்போது ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை டிரம்மில் பிடித்து, அதிலேயே தரை துடைத்து, கழிவறைக்கும் ஊற்றியிருக்கிறார். ஒரு லிட்டர் குடிதண்ணீருக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் வெளியே போகும் என்பதால், நாற்பது பேர் குடிக்கிற இடத்தில் அது சின்னக் கணக்கில்லை. "அப்புறம் ஏன்க்கா நிறுத்திட்டீங்க?" என்றேன். "மழை வந்துச்சு. டிரம்ம ஸ்டோருக்கு எடுத்துட்டுப் போய்ட்டாங்க." அவ்வளவுதான். பழக்கம் போய்விடவில்லை, டிரம்தான் போய்விட்டது.

அந்தத் தண்ணீரை கூலன்ட் கலக்கப் பயன்படுத்த வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உப்பு அதிகம், கலவை பிரிந்துவிடும். செடிக்கு ஊற்றினாலும் நாளாவட்டத்தில் மண் கெடும். தரைக்கும் கழிவறைக்கும் மட்டும்தான்.

மொழி இன்னொரு சிக்கல். பாதிப் பேர் ஒடிசா, பீகார், அசாம். அவர்களில் தமிழ் நன்றாக வந்தவரையே கேட்பவராக உட்காரவையுங்கள். மேஸ்திரியை மொழிபெயர்க்க வைத்தால் மேஸ்திரிக்குப் பிடித்த பதில்தான் வரும்.

மூன்றாவது: கதையிலிருந்து காரணத்துக்கு

எல்லாக் கதைகளையும் ஒரே நாளில், எல்லோர் முன்னாலும் வாசியுங்கள். சொன்னவர் வார்த்தையிலேயே வாசிக்க வேண்டும், ஆபீஸ் பாஷைக்கு மாற்றக் கூடாது. பிறகு கதை நடந்த இடத்துக்கே போய்ப் பாருங்கள். ஒன்று கெட்டுப்போனால் 'ஏன், ஏன்' என்று ஐந்து தடவை கேட்கிற பழக்கம் பல கம்பெனிகளில் இருக்கிறது. அதே கேள்வியை நன்றாக நடந்ததற்குக் கேட்பதுதான் இங்கே வேலை.

எட்டாவது மெஷினை ஓட்டியது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன், மூன்று வருடமாக இங்கே இருக்கிறான். "உன் மெஷின்ல மட்டும் ஏன்பா நாறல?" என்று கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. "நான் தப்பு எதுவும் பண்ணல சார்." கேள்வி கேட்டாலே தப்பு என்றுதான் இந்த ஊர் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. டீ வாங்கிக் கொடுத்து, திரும்பவும் கேட்ட பிறகுதான் செய்து காட்டினான்.

ஐந்து லிட்டர் ஆயில் கேனின் பக்கவாட்டை வெட்டி, தோசைத் திருப்பி மாதிரி ஒன்று வைத்திருந்தான். சனிக்கிழமை மெஷினை நிறுத்தி, தொட்டி அடங்கியதும், மேலே மிதக்கிற ஆயிலை அதனால் ஓரமாக ஒதுக்கி வழித்தெடுத்தான். "ஊர்ல அம்மா மீன் குழம்புல மேல எண்ணெய் எடுக்கும், அது மாதிரி சார்." அதற்குப் பிறகு பத்து நிமிடம் கூலன்ட் பம்பை மட்டும் ஓடவிட்டான். இன்னொன்றும் செய்தான், அதை அவன் பெரிதாகவே நினைக்கவில்லை. தொட்டி குறைந்தால் மற்றவர்கள் குழாயைப் பிடித்து வெறும் தண்ணீர் விடுவார்கள். இவன் வாளியில் தண்ணீர் எடுத்து, அதில் கொஞ்சம் ஆயில் கலந்து ஊற்றுவான். தண்ணீரில்தான் ஆயிலை ஊற்ற வேண்டும், ஆயிலில் தண்ணீரை ஊற்றினால் சரியாகக் கலக்காது. அதுவும் அவனுக்குத் தெரிந்திருந்தது. வெறும் தண்ணீர் விட விட அடர்த்தி குறையும், பாக்டீரியாவுக்கும் துருவுக்கும் வழி கிடைக்கும்.

மூன்று பழக்கம், செலவு ஒரு காலி கேன். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர், "இதுக்குப் போயா ஒரு மீட்டிங்?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் மூன்று வருடமாக அந்தப் பக்கம் தினமும் நான்கு தடவை நடந்துபோனவர் அவர்.

நான்காவது: எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லவைப்பது

புத்தகங்களில் இதற்குக் 'கனவு' என்று பெயர். வரைபடம் வரையச் சொல்லுவார்கள், களிமண்ணில் செய்யச் சொல்லுவார்கள். சென்னைப் பட்டறையில் ஐம்பது வயது ஆட்களிடம் கலர் பென்சில் கொடுத்தால் அவர்களுக்கும் கூச்சம், நமக்கும் கூச்சம். நான் கேட்பது இப்படி: "அடுத்த ஆயுத பூஜைக்கு மெஷினைக் கழுவிப் பொட்டு வைக்கிறோம். அன்னைக்கு இந்தத் தொட்டி எப்படி இருந்தா உங்களுக்குப் பெருமையா இருக்கும்?" ஆயுத பூஜை வேலைக்கு ஆகும். மெஷினுக்கு மரியாதை செய்கிற பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வருகிற பதிலை, ஏற்கெனவே நடந்துவிட்டது போல ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "எங்கள் எட்டு மெஷினிலும் திங்கட்கிழமை காலை நாற்றம் இல்லை, ஒருமுறை போட்ட கூலன்ட் மூன்று மாதம் ஓடுகிறது." இதை ஒட்டலாம். காலண்டர் மறைக்காது.

ஐந்தாவது: சின்னதாகச் செய்து பார்ப்பது

எட்டிலும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். எந்த ஆபரேட்டர் "நான் பண்றேன்" என்று கை தூக்குகிறாரோ அவருடைய மெஷின், கூட இன்னொன்று. நான்கு வாரம். யார், எப்போது, எதை வைத்து என்பது தெளிவாக இருக்க வேண்டும். வழிக்கிற தகடு மெஷின் பக்கத்திலேயே கொக்கியில் தொங்க வேண்டும், ஸ்டோரில் கேட்டு வாங்குகிற மாதிரி இருந்தால் இரண்டாவது வாரமே நின்றுவிடும். சனிக்கிழமை கடைசி இருபது நிமிடத்தை ஷிஃப்ட் கணக்கிலேயே ஒதுக்குங்கள். அடர்த்தி பார்க்க ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிவிடலாம், ஒன்று இருந்தால் முழுப் பட்டறைக்கும் போதும். வழித்தெடுத்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். 2016 விதிகளின்படி அது ஆபத்துக் கழிவு. தனி பேரலில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும்.

கற்றுக்கொடுக்கும் வேலை அந்தப் பையனுடையது. சூப்பர்வைசர் அவனிடம் கற்றுக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்கிற ஏற்பாடு வேண்டாம். முதல் நாள் எல்லோரும் சிரிப்பார்கள், இரண்டாவது வாரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதுவரை அவன் பெயர் பலருக்குத் தெரியாது.

அப்புறம், தொடர்வது. வாரத்தில் பத்து நிமிடம் நின்றபடியே பேசினால் போதும்: இந்த வாரம் எது நன்றாக ஓடியது, அந்த நோட்டில் எண் என்ன. மிச்சமாகிற பணத்தில் ஒரு பங்கு வேலை செய்தவர்களுக்குப் போக வேண்டும், எவ்வளவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்கிராப் விற்ற காசில் டீமுக்குப் பங்கு என்று சொல்லிவிட்டு, தொகை பெரிதானதும் நிறுத்திய முதலாளி ஒருவரைத் தெரியும். அடுத்த மாதமே பித்தளை சிப்ஸும் இரும்பு சிப்ஸும் ஒன்றாகக் கலந்து வர ஆரம்பித்தன.

எங்கே இது வேண்டாம்

பவர் பிரஸ்ஸில் கை மாட்டாமல் தடுக்கிற கார்டு இல்லை, வயர் தோல் உரிந்து தொங்குகிறது, தின்னர் டின் பக்கத்தில் வெல்டிங் நடக்கிறது என்றால் நல்ல நாள் கதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். மெஷினை நிறுத்திச் சரிசெய்யுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி காலாவதியானதற்கும் இதுதான் பதில். நல்லதை மட்டும் பார்த்துக் கெட்டதை மூடிவிடுகிறார்கள் என்று இந்த முறைக்கு ஒரு விமர்சனம் உண்டு. சில இடங்களில் அது உண்மைதான், நிர்வாகத்துக்கு வசதியான கதைகளை மட்டும் பொறுக்கி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சம்பள விஷயமும் அப்படித்தான். ஒரு தையல் யூனிட்டில் நான் முதல் கேள்வியைக் கேட்டதும் ஒரு அம்மா நேராகப் பார்த்து, "ரெண்டு மாசமா சம்பளம் லேட்டு. இப்ப நல்ல நாள் சொல்லணுமா சார்?" என்றார். நோட்டை மூடிவிட்டு முதலாளியிடம் போய், சம்பளம் போட்ட பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பக் கூப்பிடவில்லை.

காகித வேலை

மேலே சொன்னதைச் செய்துகொண்டிருந்தால் இது பாதி முடிந்த மாதிரி. பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியின் விதிப்படி 2022-23 முதல் சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்தில் உள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் சுற்றுச்சூழல், தொழிலாளர் விவரங்களை ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும். அதனால் அவர்களுக்குப் பாகம் கொடுக்கிற உங்களிடமும் தண்ணீர், மின்சாரம், கழிவு எவ்வளவு என்று கேள்வித்தாள் வரலாம். உங்கள் நோட்டில் அந்த எண்கள் ஏற்கெனவே இருக்கும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால் மத்திய அரசின் ஜெட் (ZED: பொருளில் குறையும் சூழலுக்குக் கேடும் இல்லாத உற்பத்தி) சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கலாம். பிரான்ஸ், சில்வர், கோல்டு என்று மூன்று படி. 2022-இல் புதுப்பித்த திட்டத்தின்படி கட்டணத்தில் குறு நிறுவனத்துக்கு 80 சதவீதம், சிறு நிறுவனத்துக்கு 60, நடுத்தரத்துக்கு 50 சலுகை. பிரான்ஸிலிருந்து தொடங்குங்கள். சான்றிதழுக்காக வேலையை மாற்றாதீர்கள், செய்கிற வேலைக்குச் சான்றிதழ் வாங்குங்கள்.

எங்கே தொடங்குவது என்று இன்னும் குழப்பமாக இருந்தால், வருகிற திங்கட்கிழமை ஷிஃப்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் போங்கள். எல்லாத் தொட்டி மூடியையும் திறந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பாருங்கள். மெஸ் வைத்திருந்தால் ராத்திரி எந்தப் பாத்திரம் காலியாக வருகிறது என்று பாருங்கள். ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் யாருடையது என்று விசாரியுங்கள். கையில் டீ இருக்கட்டும்.